கறுப்பு வெளுப்பதற்குத் தூள் பொறுப்பல்ல

அடர்நிறத் துணிக்குச் சலவைத்தூள் ஆகாது, பாட்டிலில் வரும் திரவம்தான் ஆகும் என்ற பேச்சு இன்று ஏறக்குறைய விதியாகிவிட்டது. கடைக்காரர் சொல்கிறார், விடுதிப் பொறுப்பாளர் சொல்கிறார், தொலைக்காட்சி சொல்கிறது. கறுப்புச் சட்டை சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டால், "தூள் போட்டுத் துவைச்சிருப்பே" என்று உடனே தீர்ப்பு வருகிறது. இந்தத் தீர்ப்பு தவறு. அதில் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது; அந்தத் துண்டை வைத்துக்கொண்டு மொத்தப் பழியையும் தூளின் தலையில் கட்டுகிறார்கள். அதற்குக் காசு கொடுப்பவர்கள் யார் என்று பார்த்தால் இதைச் சும்மா விட மனம் வரவில்லை.

ஸ்ரீ சிட்டியை எடுத்துக்கொள்வோம். ஆந்திரத்தில் 2008-இல் தொடங்கிய தொழில் நகரம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், அதன்பின் திருப்பதி மாவட்டம். தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். பக்கத்துச் சத்தியவேடு வட்டாரத்தின் பல கிராமங்கள் 1960 எல்லை மாற்றம் வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. இன்றும் அங்கே தமிழ் வீட்டு மொழி. கைபேசி, கார், ஏசி, சாக்லேட், பற்பசை என்று இங்கே தயாராகும் பொருள்களுக்கு அளவில்லை. எல்ஜி நிறுவனம் 2025 மே மாதம் அடிக்கல் நாட்டிய ஆலையில் வாஷிங் மெஷினும் தயாராகப் போகிறது. ஆனால் இந்த ஆலைகளில் வேலை செய்யும் பெண்கள் தங்கியிருக்கும் அறைகளில் துணி துவைப்பது பெரும்பாலும் வாளியில்தான். கையில் இருப்பது சில செட் சீருடை. அடர்நீலம், சாம்பல், கறுப்பு என்று எல்லாமே அழுக்கு தெரியாத நிறங்கள். ஷிப்டு மாறி மாறி வரும். ஒரு செட் உடம்பில், ஒரு செட் கொடியில், ஒரு செட் வாளியில். அவர்கள் வாங்குவது பத்து ரூபாய் தூள் பாக்கெட். "அதனால்தான் உன் யூனிஃபார்ம் வெளுத்துப்போச்சு, நல்ல லிக்விட் வாங்கு" என்று அவர்களிடம் சொல்வது அறிவுரையே அல்ல. காரணத்தைத் தேடாமல் செலவை ஏற்றிவிடுகிற வேலை.

காரணத்தைத் தேடுவோம். "நிறம் போய்விட்டது" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூன்று நான்கு வெவ்வேறு கேடுகள் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, சாயம் உண்மையிலேயே வெளியேறுவது. பருத்தியில் இன்று பெருவாரியாகப் போடப்படுவது ரியாக்டிவ் சாயம். 1950களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் கண்டறியப்பட்டு, 1956-இல் ப்ரோசியான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இந்தச் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துகொள்வதால் எளிதில் போகாது. ஆனால் சாயத்தொட்டியில் போட்ட அத்தனையும் இழையோடு சேர்வதில்லை; சேராமல் தங்கிய மிச்சத்தை ஆலையிலேயே நன்றாக அலசி எடுத்துவிட வேண்டும். தண்ணீரையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க அலசலைக் குறைத்தால், அந்த மிச்சம் உங்கள் வாளியில்தான் இறங்கும். முதல் இரண்டு மூன்று சலவையில் தண்ணீர் நீலமாவதற்கு இதுவே காரணம். அதற்குத் தூள் என்ன செய்யும்? திரவம் போட்டாலும், ஒன்றுமே போடாமல் வெறும் தண்ணீரில் அலசினாலும் அது இறங்கத்தான் செய்யும். சீருடைத் துணி பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்ததாக இருந்தால் கதை வேறு. பாலியெஸ்டருக்குள் போன சாயம் வாளிச் சலவைக்கு அசையாது. பருத்திப் பங்கு மட்டும் மெல்ல வெளிறும். நிறம் முழுதும் போகாமல் அரைகுறையாக மங்குவது அதனால்தான்.

இரண்டாவது கேடு இதைவிடப் பரவலானது. இதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சாயம் இழையிலேயே இருக்கும், ஆனாலும் துணி வெளுத்ததாகத் தெரியும். கறுப்பு என்பது ஒளியை விழுங்குவது. பிரஷ் போட்டுத் தேய்த்தோ கல்லில் அடித்தோ பருத்தி இழையின் மேற்பரப்பு பிசிறிவிட்டால், அந்த நுண்ணிய பிசிறுகளில் ஒளி பட்டுச் சிதறுகிறது. கண்ணுக்குச் சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. காலரிலும் கைமடிப்பிலும் பாக்கெட் ஓரத்திலும் முதலில் வெளுப்பது ஏன்? தூள் சட்டை முழுவதும் ஒன்றுபோலத்தான் பட்டது. பிரஷ் பட்டது அந்த இடங்களில்தான். வெளுத்ததாகத் தெரியும் சட்டையை நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் பழைய கறுப்பு பெரும்பாலும் திரும்பி வருமானால், சாயம் அங்கேயேதான் இருக்கிறது, போனது மேற்பரப்பின் வழவழப்பு.

இந்தப் பிசிறைச் சீவி எடுக்க ஒரு நொதி உண்டு. செல்லுலேஸ் என்று பெயர். சலவைப் பொருள்களில் அது நுழைந்ததே தூளின் வழியாகத்தான். 1987-இல் ஜப்பானின் காவோ நிறுவனம் 'அட்டாக்' என்ற செறிவூட்டிய தூளில் செல்லுலேஸைச் சேர்த்தது. பருத்தி இழைக்குள் சிக்கிய அழுக்கை எடுப்பது அதன் நோக்கம். பிசிறை நீக்கி நிறத்தைத் தெளிவாக்கும் வகையும் அதையொட்டிய காலத்தில் வந்தது. நிறம் காக்கும் ஒரு நுட்பம் தூளில் வளர்ந்திருக்க, தூள் என்றாலே நிறத்துக்குப் பகை என்பது வரலாற்றுக்கும் பொருந்தவில்லை.

இப்போது எதிர்த்தரப்பின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். அதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்சிஜன் வெளுப்பான் உலர்ந்த தூளில்தான் நிலைத்து நிற்கும். தண்ணீர் கலந்த சாதாரணத் திரவத்தில் சிதைந்துவிடும். ஆகவே கறை நீக்கும் வெளுப்பான் தூளில் இருக்க வாய்ப்புண்டு, திரவத்தில் பொதுவாக இருக்காது. இது உண்மை. வெளுப்பான் சில சாயங்களைத் தாக்கும் என்பதும் உண்மை. ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு "வெளுப்பான் சேர்த்த தூளை அடர்நிறத்துக்குப் போடாதே" என்பது மட்டுமே. "தூளே போடாதே" என்பது எங்கிருந்து வந்தது? விலை குறைந்த தூள்கள் பலவற்றில் இந்த வெளுப்பான் சேர்ப்பதே இல்லை. அது செலவு பிடிக்கும் சரக்கு. விலை கூடிய, கறைக்கு என்றே விற்கும் தூள்களில்தான் அது இருக்க வாய்ப்பு அதிகம். பத்து ரூபாய் பாக்கெட் வாங்கிய பெண்ணின் மேல் சுமத்தும் பழி இந்த ஒரு விஷயத்தில் தலைகீழாக நிற்கிறது.

வெளுப்பான் போக இன்னொன்று ஒளிர்ப்பான். டினோபால் என்ற பெயரில் நம் வீடுகளுக்கு அறிமுகமான வகை. இது அழுக்கை எடுப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாகத் திருப்பி வீசுகிறது. வெள்ளை வேட்டியின் மஞ்சளை இந்த நீலம் மறைக்கும். வெள்ளைக்கு அது நன்மை. காக்கி, சந்தனம், வெளிர் பச்சை போன்றவற்றில் நிறமே வேறாகத் திரும்பும். ஆழ்ந்த கறுப்பில் விளைவு குறைவு, ஆனால் அதற்கு அங்கே எந்த வேலையும் இல்லை. முக்கியமான செய்தி என்னவென்றால், ஒளிர்ப்பான் தூளில் இருப்பதுபோலவே பல திரவங்களிலும் இருக்கிறது. பாட்டிலுக்கு மாறினால் தப்பிவிடலாம் என்பது இங்கே பொய்க்கிறது.

சலவைப் பொருளின் வடிவம் முக்கியமல்ல, உள்ளடக்கமே முக்கியம் என்பதற்கு 1994-ஐவிடப் பெரிய சான்று இல்லை. அந்த ஆண்டு யூனிலீவர் நிறுவனம் ஐரோப்பாவில் 'பெர்சில் பவர்' என்ற தூளை இறக்கியது. குறைந்த வெப்பத்திலேயே வெளுப்பானை வேலை செய்ய வைக்க மாங்கனீஸ் கலந்த ஒரு வினையூக்கியை அதில் சேர்த்திருந்தார்கள். சில சாயங்களோடு சேர்ந்தபோது அது துணியையே அரித்தது. போட்டி நிறுவனமான பிராக்டர் அண்ட் கேம்பிள், நைந்து கிழிந்த உள்ளாடைகளின் படங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தது. பெரும் சண்டைக்குப் பிறகு அந்தத் தூள் சந்தையிலிருந்து போனது. யூனிலீவரின் பழைய தூள்கள் அதே துணிகளை ஆண்டுக்கணக்கில் துவைத்துக்கொண்டுதான் இருந்தன. ஒரே ஒரு சேர்மானம் செய்த கேடு அது. அதே ஐரோப்பாவில் வெளுப்பானும் ஒளிர்ப்பானும் இல்லாத, வண்ணத்துணிக்கென்றே செய்த தூள்களும் 1990களிலிருந்து கடைகளில் கிடைக்கின்றன. ஒரு துணியிலிருந்து இறங்கிய சாயம் இன்னொன்றில் ஏறாமல் பிடித்துவைக்கும் பிவிபி என்ற பாலிமரும் அவற்றில் சேர்க்கப்படுகிறது. எல்லாம் தூள்தான்.

நம்மிடம் ஏன் அந்தத் தெளிவு வரவில்லை? நம் சலவைச் சந்தை வெண்மை என்ற ஒற்றை அளவுகோலில் வளர்ந்தது. 1959-இல் சர்ஃப் வந்தது, 1969-இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் நிர்மாவைத் தொடங்கினார், 1983-இல் கேரளத்திலிருந்து உஜாலா நீலம் வந்தது. எல்லாரும் காட்டியது வெள்ளைத் துணி. ஒரு கறுப்புச் சட்டையை ஐம்பது முறை துவைத்து, புதிய சட்டையின் பக்கத்தில் நிறுத்திக் காட்டிய விளம்பரம் என் நினைவில் ஒன்றுகூட இல்லை. வேட்டியும் பள்ளிச் சட்டையும் வெள்ளையாக இருந்த காலத்தில் அந்த அளவுகோலுக்கு ஒரு நியாயம் இருந்தது. இன்று துவைக்கப் போடும் துணிகளில் ஜீன்ஸ், டி-ஷர்ட், லெக்கின்ஸ், சீருடை என்று அடர்நிறமே அதிகம். அளவுகோலை மாற்றாமல், பொட்டலத்தை மட்டும் பாட்டிலாக மாற்றிவிட்டார்கள்.

"தூள் போட்டால் கறுப்புத் துணியில் வெள்ளை வெள்ளையாகக் கோடு படிகிறதே, அது பொய்யா?" என்று கேட்பார்கள். பொய்யில்லை. ஸ்ரீ சிட்டிக்குப் பக்கத்துத் தடாவுக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரி விரிந்து கிடக்கிறது; கடலோரப் பகுதியில் பல போர்வெல்களில் வருவது உப்புத் தண்ணீர். சுண்ணமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீரில் அழுக்கெடுக்கும் வேதிப்பொருளின் வலு குறையும். நுரை வரவில்லை என்று இன்னும் ஒரு பிடி தூள் போடுவார்கள். தூளில் உள்ள சலவைச் சோடா, நீரிலுள்ள சுண்ணத்தோடு சேர்ந்து வெண்ணிறப் பொடியாகப் படியும். கரையாத தூளும் மடிப்புகளில் ஒட்டிக்கொள்ளும். கறுப்பில் அது பளிச்சென்று தெரிகிறது. ஆனால் இது படிவு, நிறம் போனதல்ல. கடைசி அலசல் நீரில் வினிகர் ஊற்றினால் அந்தப் படிவு கரையும். சுண்ணத்தைப் பிடித்துவைக்கும் சேர்மானங்களைத் தாராளமாகச் சேர்க்கத் தூளில்தான் இடம் அதிகம் என்பதையும் சொல்லியாக வேண்டும். கடின நீரில் நல்ல தூள் அழுக்கை எடுப்பதில் பின்தங்குவதில்லை. தனியாக ஒரு குவளையில் தூளை வெதுவெதுப்பான நீரில் முழுக்கக் கரைத்து, அதன்பிறகு வாளியில் ஊற்றி, அப்புறம் துணியைப் போட்டால் கோடு விழுவது பெரும்பாலும் நின்றுவிடும். துணியின் மேல் தூளைத் தூவுகிற பழக்கம்தான் இங்கே குற்றவாளி.

அதைவிடப் பெரிய குற்றவாளி, ஷிப்டு வாழ்க்கை திணிக்கும் ஒரு வழக்கம். இரவு வேலைக்குப் போகும்முன் துணியை ஊறப்போட்டுவிட்டு, காலையில் வந்து துவைப்பது. தூள் கரைந்த நீரின் காரத்தன்மை பொதுவாக pH 10-ஐ ஒட்டி இருக்கும். அழுக்கு விட அரைமணி நேரம் தாராளம். எட்டு மணி, பத்து மணி நேரம் அந்தக் காரத்தில் கிடந்தால், ரியாக்டிவ் சாயத்தின் சில வகைகளில் இழையோடு உள்ள பிணைப்பே மெல்ல அறுபடும். இறங்கிய சாயம் பக்கத்துத் துணியில் ஏறும். வெளுப்பான் கலந்த தூளாக இருந்தால் கேட்கவே வேண்டாம்; வெந்நீர் இல்லாமல் மந்தமாக வேலை செய்யும் அதற்கு ஓர் இரவு அவகாசம் கொடுத்ததாகிவிடும். நேரமில்லாதவர்கள் ஊறவைக்காமலே கசக்கி அலசுவது நல்லது. வியர்வைதானே, அது விட்டுவிடும்.

இதோடு சேர்த்து மறுக்க வேண்டிய இன்னொரு நம்பிக்கை, புதுத் துணியை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பது. வீடு வீடாக இது நடக்கிறது. சாயப்பட்டறையில் உப்பு போடுவது உண்மைதான். ஆனால் அங்கே அதன் வேலை, நீரில் கரைந்திருக்கும் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவது. பிணைப்பை உண்டாக்குவது அதன்பின் சேர்க்கும் காரம். சாயமேற்றி முடிந்த துணியை வீட்டில் உப்பில் போட்டால் அந்த நேரத்துக்குக் கசிவு கொஞ்சம் குறைந்ததாகத் தெரியும். அடுத்த சலவையில் நல்ல தண்ணீரில் மிச்சம் இறங்கும். சாயம் விடும் துணிக்கு முதல் சில சலவை தனியாகப் போடுவதைத் தவிர வீட்டு வைத்தியம் கிடையாது. இந்தக் கடற்கரைப் பகுதியின் துணிக்கு இது புதிய சிக்கலும் அல்ல. 1950களின் இறுதியிலும் அறுபதுகளிலும் அமெரிக்காவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணி சலவையில் சாயம் விட்டது. அங்கிருந்த வியாபாரிகள் பிறகு அதை மறைக்கவில்லை. சாயம் விடும் என்பதையே சிறப்பாகச் சொல்லி, தனியாகக் குளிர்ந்த நீரில் துவைக்கச் சொல்லி விற்றார்கள். வாங்குபவரிடம் உண்மையைச் சொன்னதால் அந்தத் துணிக்கு மதிப்பு குறைந்துவிடவில்லை.

சரி, தூளை எப்படித் தேர்ந்தெடுப்பது? பொட்டலத்தில் "பளிச் வெண்மை", "கறைக்கு ஆக்சிஜன் சக்தி" என்று எதை உரக்கச் சொல்கிறார்களோ, அதையே அடர்நிறத்துக்கு எதிரான எச்சரிக்கையாகப் படிக்கலாம். ஒளிர்ப்பானைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பல கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு உண்டு. ஒரு சிட்டிகை தூளை வெயில் படாத இடத்தில் அந்த விளக்கின் கீழ் காட்டுங்கள். நீல வெள்ளையாகச் சுடர்விட்டால் ஒளிர்ப்பான் இருக்கிறது. திரவத்தையும் ஒரு சொட்டு காகிதத்தில் விட்டு அதே விளக்கில் பாருங்கள், ஆனால் காகிதமே ஒளிரும் வகையாக இருக்கக் கூடாது. மணத்தையும் நீலப் பச்சைத் துகள்களையும் நுரையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவற்றுக்கும் நிறம் காப்பதற்கும் தொடர்பு இல்லை. அளவைக் குறைத்துப் போடுங்கள். துணியை உட்புறம் வெளியே திருப்பித் துவையுங்கள், அப்படியே நிழலில் காயவையுங்கள். திருப்பதி, தடா வெயிலில் மொட்டைமாடிக் கொடியில் முழுப்பகல் கிடக்கும் கறுப்புத் துணிக்கு வெயிலே வெளுப்பான். அதற்கு எந்தத் தூளும் திரவமும் மருந்தில்லை.

ஒரே ஒரு இடத்தில் எதிர்த்தரப்போடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்குச் சலவைத்தூள் வேண்டவே வேண்டாம். கடுக்காயும் பாலும் ஏற்றிய துணியில், இரும்பையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து எடுத்த கரைசலால் வரையும் கறுப்பு அது. சிவப்பு பிடிப்பது படிகாரத்தால். காரம் அந்த நிறங்களைத் திரித்துவிடும். நான் மேலே சொன்ன வினிகரும் அதற்கு ஆகாது, புளிப்பு இரும்புக் கறுப்பைக் கரைத்துவிடும். வெறும் தண்ணீர், மிஞ்சினால் பூந்திக்கொட்டை. ஆனால் கலம்காரிக்குத் தூள் ஆகாது என்றால் கடையில் விற்கும் பெரும்பாலான திரவங்களும் ஆகாதவையே. அங்கேயும் பாட்டில் ஜெயிக்கவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதி, சலவைப் பொருளின் உறையில் ஆக்சிஜன் வெளுப்பான் எந்த விழுக்காட்டு வரம்புக்குள் இருக்கிறது என்று அச்சிடச் சொல்கிறது. ஒளிர்ப்பானும் நொதியும் எவ்வளவு சொற்பமாக இருந்தாலும் குறிப்பிட்டாக வேண்டும். நம் கடைகளில் தொங்கும் சின்ன பாக்கெட்டுகள் பலவற்றில் விலையும் எடையும் தேதியும் இருக்கின்றன, இது இல்லை. "வெளுப்பான் உண்டு, ஒளிர்ப்பான் உண்டு" என்று இரண்டு வரி தமிழிலும் தெலுங்கிலும் அச்சடிக்கப் பத்து ரூபாய் பாக்கெட்டில் இடம் இருக்கிறது. நடிகையின் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் போதும்.

ஆலைகளுக்கும் இதில் கடமை உண்டு. துணியின் சலவை உறுதியை அளக்க ஐ.எஸ்.ஓ. 105 என்ற சோதனை வரிசை இருக்கிறது; ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண், ஐந்து மிகச் சிறந்தது. ஆயிரக்கணக்கில் சீருடைத் துணி வாங்கும் நிறுவனம் இந்தச் சான்றைக் கேட்டு வாங்கட்டும். நான்குக்குக் கீழே வரும் துணியைத் திருப்பி அனுப்பட்டும். எத்தனை நேரம் ஊறவைக்கலாம், எதைப் போடக் கூடாது என்பதைச் சட்டையின் உள்பக்கத்தில் தெலுங்கிலும் தமிழிலும் தைத்துக் கொடுக்கட்டும்.